எழுத்து உப்பும் நேரம்

கம்ப்யூட்டர் ரிப்பேர் என்பது பாதி தூசி தட்டுகிற வேலை, மீதிப் பாதி ஆறுதல் சொல்கிற வேலை. கம்ப்யூட்டர் அக்காவுக்கு இரண்டும் கைவந்த கலை. பதினாறு வருஷமாக அந்த ஊரில் வீடு வீடாக, கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறாள். அந்தத் தொழிலில் இருந்த ஒரே பெண் என்பதால் அவளுடைய சொந்தப் பெயர் யாருக்கும் தேவைப்படவில்லை. "கம்ப்யூட்டர் அக்காவைக் கூப்பிடு" என்றால் போதும், கொஞ்ச நேரத்தில் தெருமுனையில் பழைய ஸ்கூட்டரின் இருமல் கேட்கும்.

வாய்க்கும் குறைச்சல் இல்லை. பத்து நிமிஷத்தில் கோளாறைக் கண்டுபிடிப்பாள், பிறகு அரை மணி நேரம் அந்த வீட்டுக்காரரை ஒரு பிடி பிடிப்பாள். "இதுக்குள்ள எறும்பு குடும்பம் நடத்துது. பிஸ்கட் தின்ன வேற இடமே கிடைக்கலையா?" என்பாள். திட்டு வாங்கியவர்களே அடுத்த முறையும் அவளைத்தான் கூப்பிட்டார்கள்.

அவளுக்கு வாடிக்கையாக நாற்பத்து மூன்று பேர். எல்லோருடைய சிஸ்டத்திலும் ஒரு ரிமோட் புரோகிராம் போட்டு வைத்திருந்தாள். இருந்த இடத்திலிருந்தே இன்னொரு சிஸ்டத்தைத் திறந்து, அந்தத் திரையைப் பார்த்து, அங்கிருக்கும் மௌஸை இங்கிருந்து நகர்த்தலாம். சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் வெயிலில் அலைய வேண்டியதில்லை. நாற்பத்து மூன்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு. "அத்தனையும் நான் எங்க போய் மனப்பாடம் பண்றது? பள்ளிக்கூடத்துலயே எனக்கு அது வராது" என்று சிரிப்பாள். வெளியிலிருந்து யாராவது உள்ளே வந்தால் திரையின் மூலையில் ஒரு சின்னப் பெட்டி எட்டிப் பார்க்கும். அதையும் எல்லா இடத்திலும் மறைத்துவிட்டாள். இல்லாவிட்டால் "அக்கா, ஏதோ பெட்டி வருது, வைரஸா?" என்று ஆளாளுக்குப் போன் பண்ணி உயிரை வாங்கினார்கள். இதெல்லாம் சோம்பேறித்தனம் இல்லை, அனுபவம் என்பது அவள் கட்சி.

அந்தத் திங்கட்கிழமை காலையில் போன் பண்ணியது வார்டன். பெயர்ப்பலகை இல்லாத ஒரு மாடி வீட்டை அவள் நடத்திவந்தாள். புருஷன் கையில் அடி உதை பட்டுத் தப்பி வந்த பெண்கள் பிள்ளைகளோடு தங்கும் இடம் அது. ஆண்பிள்ளை வாசலைத் தாண்ட முடியாது. வெளியே போகும் கடிதங்களில்கூட முகவரி இருக்காது, தபால் பெட்டி எண் மட்டும்தான். அக்காவை முதன்முதலாக உள்ளே விட்ட அன்றே வார்டன் கறாராகச் சொல்லிவிட்டாள். யார் பேரையும் கேட்கக் கூடாது, எந்த ஊர் என்று கேட்கக் கூடாது, இந்தத் தெருவின் பெயரை வெளியே மூச்சுவிடக் கூடாது. நான்கு வருஷமாக அக்கா எதையும் மீறியதில்லை. தன் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை, அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அலுவலக அறையில் டைப்பிஸ்ட் எழுந்து நின்று நாற்காலியைக் காட்டினாள். அவளும் அங்கே தங்கியிருப்பவள்தான், வந்து நான்கு மாதம் ஆகிறது. டைப் அடிக்கத் தெரியும் என்று வாய் தவறிச் சொன்னதால் வார்டன் அவளை அந்த மேசையில் உட்கார்த்தி வைத்துவிட்டாள். அவளுடைய ஏழு வயது மகள் மேசைக்கடியில் படுத்துக்கொண்டு பழைய காகிதங்களின் பின்பக்கத்தில் படம் வரைந்துகொண்டிருந்தாள்.

"எழுத்தெல்லாம் உப்பிப் போயிடுதுக்கா," என்றாள் டைப்பிஸ்ட். "தண்ணியில ஊறின மாதிரி. கொஞ்ச நேரம் அப்படியே இருக்கும், அப்புறம் தானா சரியாயிடும். சில நாள் சரியாகாமலே நின்னுடும்."

"கண்ணுதான் போச்சோன்னு டாக்டர்கிட்டயும் கூட்டிட்டுப் போயிட்டேன்," என்றாள் வார்டன். "கண்ணு கழுகு மாதிரி இருக்காம். அப்ப உன் டப்பாதான் கெட்டுப்போச்சு."

"டப்பாவைக் குறை சொல்லாதீங்க வார்டனம்மா. அதுக்கு உங்களவிட வயசு கம்மி."

மேசைக்கடியிலிருந்து குழந்தையின் குரல் வந்தது. "முதல்ல படகு போயிடும். அப்புறம்தான் எழுத்து குண்டாகும்."

திரையின் பின்னணியில் ஏரியில் நிற்கும் ஒரு படகின் படம் வைத்திருந்தார்கள். குழந்தை சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

அக்கா திரையைப் பார்த்தாள். டைப்பிஸ்ட் சொன்னது சரிதான். எழுத்துகள் பக்கவாட்டில் அகன்று, ஓரமெல்லாம் கலங்கிக் கிடந்தன. ரெசல்யூஷன் மாறியிருந்தது. குறுக்கே எத்தனை புள்ளி, நெடுக்கே எத்தனை புள்ளி என்று ஒவ்வொரு மானிட்டருக்கும் ஓர் அளவு உண்டு, அதை மாற்றினால் எழுத்து இப்படித்தான் கலங்கிப் போகும். எந்த அளவுக்கு மாறியிருக்கிறது என்று அவள் பார்க்கவில்லை. பட்டியலின் உச்சியில் இருந்த சரியான அளவை அழுத்தினாள், எழுத்து பளிச்சென்று வந்தது. ஒரு நொடி பார்த்திருக்கலாம், அடுத்த இடத்துக்குப் போகிற அவசரம்.

"வாலு ஏதாவது நோண்டியிருக்கும்," என்று மேசைக்கடியில் குனிந்து பார்த்தாள்.

"அவ தொடமாட்டாக்கா. சத்தியமா தொடமாட்டா." டைப்பிஸ்டின் கை சட்டென்று கீழே போய்க் குழந்தையின் தலையை மறைத்துக்கொண்டது. அந்த வீட்டில் தாய்மார்கள் எல்லோரும் கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லிவிடுவார்கள். அக்காவுக்கு மனசு சங்கடமாகப் போய்விட்டது. "சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்மா" என்று எழுந்துகொண்டாள்.

அங்கிருந்து நேரே மார்க்கெட் முனையில் இருக்கும் பெயின்ட் கடைக்குப் போனாள். கடைக்காரர் அவளுக்கு மூன்று மாதப் பழக்கம்தான், ஆனால் அதற்குள் அவளுக்குப் பிடித்த வாடிக்கையாளர் ஆகிவிட்டார். குரலை உயர்த்தமாட்டார். போனதும் மின்விசிறியை அவள் பக்கம் திருப்பிவிடுவார். வாரத்துக்கு ஒருமுறையாவது அவருடைய சிஸ்டம் படுத்துக்கொள்ளும். போய்ப் பார்த்தால் ஏதாவது ஒரு கேபிள் கழன்றிருக்கும், அவ்வளவுதான்.

"வா தங்கச்சி," என்று எழுந்து நாற்காலியைத் துடைத்தார். "டீ சொல்லட்டுமா?"

"சொல்லுங்கண்ணே. இந்தக் கேபிளை எலியா வந்து கழட்டுது?"

"எலி இல்ல தங்கச்சி, என் கைதான். சும்மா இருக்காது." சிரித்துக்கொண்டார். வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று அவள் கேட்டதற்கு, "ஊருக்குப் போயிருக்காங்க. சீக்கிரம் கூட்டிட்டு வந்துடுவேன்" என்றார்.

மேசைமேல் அவருடைய மானிட்டர் இருந்தது. இப்போது யாரும் வைத்துக்கொள்ளாத பழைய சதுர மானிட்டர். அதைப் பார்த்தாலே அக்காவுக்குக் கை பரபரக்கும்.

"இதைத் தூக்கிப் போட்டுட்டு அகலமா ஒண்ணு வாங்குங்கண்ணே. என்கிட்ட இருக்கிற நாப்பத்து மூணு பேர்ல இந்தச் சதுரப் பெட்டியைக் கட்டிக்கிட்டு அழறது நீங்க ஒருத்தர்தான்."

"இருக்கட்டும் தங்கச்சி. எனக்கு இதுல எல்லாம் நல்லாத் தெரியுது."

அன்றைக்கு அவருக்குப் பிரின்டரில் வேலை. எழுத்து பிசிறில்லாமல், அச்சாபீஸில் அடித்த மாதிரி வரவேண்டும் என்றார். பெயின்ட் டப்பா விலைப்பட்டியலுக்கு அவ்வளவு அழகு எதற்கு என்று கேட்டுக்கொண்டே அக்கா உருளையைத் துடைத்து, மை மாற்றி, நாலைந்து காகிதம் ஓட்டிப் பார்த்தாள். அவர் கடைசிக் காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"உன்னை மாதிரி கைராசி யாருக்கும் வராது," என்றார். "அதான் பொம்பளைங்க இருக்கிற இடத்துக்கெல்லாம் உன்னையே கூப்பிடுறாங்க போல."

முதல் நாளும் அவர் இதையேதான் சொல்லியிருந்தார். யார் சொன்னார்கள் என்று அக்கா கேட்டதில்லை. நல்ல பேர் தானாகப் பரவும் என்று நினைத்துக்கொண்டாள். இரண்டு மாதத்துக்கு முன் இதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது வார்டனிடமிருந்து போன் வந்தது, அவசரமாக ஒரு லெட்டர் அடிக்க வேண்டும், பிரின்டர் ஓடவில்லை என்று. அக்கா இவருடைய சிஸ்டத்திலேயே தன் கணக்கைத் திறந்து, ரிமோட்டில் உள்ளே போய், ஐந்து நிமிஷத்தில் சரிசெய்து கொடுத்தாள். பின்னால் டீ டம்ளரோடு நின்று வாயைப் பிளந்து பார்த்தார் கடைக்காரர். "அட, இங்கிருந்தே பண்ணிடுவியா? கெட்டிக்காரிதான்!" அந்தப் பாராட்டில் அவளுக்கு உச்சி குளிர்ந்துபோனது.

புதன்கிழமை வார்டன் மறுபடி கூப்பிட்டாள். அக்கா போய்ச் சேர்ந்தபோது திரை பளிங்காக இருந்தது. படகு ஏரியில் நின்றது.

"இப்பதான்க்கா, நீங்க படி ஏறுறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடிதான் சரியாச்சு," என்றாள் டைப்பிஸ்ட். தான் சொல்வதை யாரும் நம்பமாட்டார்கள் என்ற பயம் அவள் முகத்தில் அப்படியே தெரிந்தது.

அக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு கோளாறு அவளிடம் கண்ணாமூச்சி ஆடுவதாவது! கேபிளை மாற்றினாள். திரையை இயக்கும் டிரைவர் புரோகிராமை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டாள். எழுத்தின் ஓரங்களை மழுமழுப்பாகக் காட்டும் வசதியைத் திறந்து, எந்த வரி தெளிவாக இருக்கிறது என்று டைப்பிஸ்டைக் காட்டச் சொல்லிக் கேட்டுக் கேட்டு வைத்தாள். கடைசியில் மானிட்டரையே கழற்றி வைத்துவிட்டுத் தன் கடையிலிருந்து கொண்டுவந்த வேறொன்றை மாட்டினாள். ஒரு நோட்டையும் கொடுத்து, எழுத்து உப்புகிற நேரத்தையெல்லாம் அதில் குறித்து வைக்கச் சொன்னாள்.

"அக்கா, ஒண்ணு சொன்னா சிரிக்கமாட்டீங்களே?" டைப்பிஸ்ட் வாசலைப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "எழுத்து அப்படி ஆகும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால யாரோ நிக்கிற மாதிரி இருக்கு."

அக்கா சிரித்துவிட்டாள். "உன் முதுகுக்குப் பின்னால செவுருதான் நிக்குது. பாவம், அது எங்க போகும்?"

டைப்பிஸ்டும் சிரித்தாள், ஆனால் ஒருமுறை திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு அக்கா மூன்றாவது முறையாக அந்தப் படிகளில் ஏறினாள். இன்றைக்கு ஒரு கை பார்த்துவிடுவது என்று வந்திருந்தாள். நோட்டில் முத்து முத்தாக எழுதியிருந்தது. புதன் காலை 11.05 முதல் 11.40. புதன் மதியம் 2.35 முதல் 3.20. வியாழன் காலை 11.10. வியாழன் மதியம் 2.40. கெட்டுப்போன பொருள் கடிகாரம் பார்த்துக் கெடாது. பதினாறு வருஷத்தில் அப்படி ஒன்றை அக்கா பார்த்ததில்லை.

மேசைக்கடியில் குழந்தை இல்லை. காகிதங்கள் மட்டும் அடுக்கியபடி இருந்தன.

"எங்க வாலைக் காணோம்?"

"நேத்து வார்டனம்மாவே கூட்டிட்டுப் போய் விட்டுட்டாங்கக்கா. வேற ஊர்ல இதே மாதிரி இன்னொரு வீடு இருக்கு. ஒரு மணி நேரம் போகணும். பள்ளிக்கூடத்துல சேர்க்கணும்னு அவளை முன்னாடியே அனுப்பியாச்சு. நாளைக்குக் காலையில நானும் போறேன்." அவள் முகத்தில் அக்கா இதுவரை பார்க்காத ஒரு வெளிச்சம் இருந்தது. "அங்க போயிட்டா அவங்கப்பா கண்டுபிடிக்கவே முடியாதுன்னு வார்டனம்மா சொல்றாங்க. அந்த வீட்டு அட்ரஸை இதுவரைக்கும் எதுலயும் எழுதலை. வாய்வழியாதான். இன்னைக்குத்தான் முதல்தடவையா லெட்டர்ல அடிக்கணும்."

அந்த வீடுகளுக்குள் ஒரு நடைமுறை உண்டு. பெண்ணோ குழந்தையோ ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போனால், வார்டன் கூட வராவிட்டால் அவளுடைய கடிதம் கையில் இருக்க வேண்டும், கொண்டுவருபவர் பெண்ணாக இருக்க வேண்டும். கடிதம் இருந்தால் மறுபேச்சு இல்லை. ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டுக் கை வலிக்கிறது என்று வார்டன் புலம்பியதால், அவள் கையெழுத்தைப் படமாக எடுத்துக் கடிதத்தின் அடியில் ஒட்டிக் கொடுத்ததும் அக்காதான்.

"அடி, அடி. நீ அடிச்சுக்கிட்டே இரு," என்று அக்கா ஒரு ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். "நான் பக்கத்துலயே உட்காந்திருக்கேன். எப்படி வருதுன்னு பாத்துடுறேன்."

டைப்பிஸ்ட் அடிக்க ஆரம்பித்தாள். *நாளை காலை பத்து மணியளவில் குழந்தையின் தாய் தங்களிடம் வந்து சேருவார்.* மேலே போய் முகவரியை அடித்தாள். கதவு எண். தெரு. ஊர். பின்கோடு. சுவர்க் கடிகாரத்தில் இரண்டு நாற்பது.

படகு மறைந்தது.

கடிதத்தைச் சுற்றித் தெரிந்த ஏரி, வானம், படகு எல்லாம் போய் வெறும் கறுப்பு நின்றது. ஒரு நொடி திரை கண்ணைச் சிமிட்டியது. பிறகு எழுத்துகள் அகலமாகி, கலங்கி, உப்பிக்கொண்டு வந்தன.

"பாத்தீங்களா? பாத்தீங்களாக்கா?" டைப்பிஸ்டின் குரலில் பாதி சந்தோஷம், பாதி அழுகை. "நான் பொய் சொல்லலை."

அக்காவுக்குக் குழந்தை சொன்னது ஞாபகம் வந்தது. முதலில் படகு. அந்த ரிமோட் புரோகிராமின் குணம் அவளுக்குத் தெரியாததா? வெளியிலிருந்து ஒருவர் உள்ளே வந்தால், வேகம் குறையாமல் இருக்கப் பின்னணிப் படத்தை எடுத்துவிடும். பார்ப்பவருடைய மானிட்டர் என்ன அளவோ அந்த அளவுக்கு இந்தத் திரையையும் மாற்றிவிடும்.

"நீ போய் வார்டனம்மாகிட்ட எனக்கு ஒரு டீ கேட்டு வாங்கிட்டு வாம்மா," என்றாள். தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது.

அவள் போனதும் அளவைத் திறந்து பார்த்தாள். 1280, 1024. அகலத் திரைகளின் காலத்தில் யாருக்கும் இல்லாத அளவு. சதுர மானிட்டரின் அளவு.

புரோகிராமின் பதிவேட்டைத் திறந்தாள். உள்ளே வந்துபோனவர்களின் பட்டியல் இரண்டு மாதத்துக்கு நீண்டிருந்தது. காலை பதினொன்று, மதியம் இரண்டரை, காலை பதினொன்று, மதியம் இரண்டரை. ஒவ்வொரு வரியிலும் வந்தவரின் பெயர் ஒன்றேதான். கம்ப்யூட்டர் அக்கா, கம்ப்யூட்டர் அக்கா, கம்ப்யூட்டர் அக்கா. அன்று பெயின்ட் கடையில் கணக்கைத் திறந்தபோது, பாஸ்வேர்டை நினைவில் வைத்துக்கொள்ளட்டுமா என்று அது கேட்டதும், பழக்க தோஷத்தில் ஆமாம் என்று அழுத்தியதும் அவளுக்கு இப்போது தெள்ளத் தெளிவாக ஞாபகம் வந்தது. இரண்டு மாதமாக அந்த மனுஷன் அவள் பெயரில் இந்த அறைக்குள் வந்து உட்கார்ந்திருந்திருக்கிறான்.

அவள் தொடாமலே மௌஸின் அம்பு நகர்ந்தது. மெதுவாக, ரொம்பப் பொறுமையாக, பதிவேட்டை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கடிதத்தின் மேலே ஏறி, முகவரியின் ஓரத்தில் போய் நின்றது. படிக்கிறவன் வரியில் விரலை வைப்பான் இல்லையா, அப்படி நின்றது.

அக்கா பாய்ந்து நெட் கேபிளைப் பிடுங்கினாள். ரிமோட் புரோகிராமை அடியோடு அழித்தாள். பிறகு தன் போனில் கணக்கைத் திறந்து பாஸ்வேர்டையும் மாற்றினாள். படகு திரும்பி வந்தது. அளவைச் சரிசெய்ததும் எழுத்து தெளிந்தது. மணி மூன்று ஆகியிருந்தது.

அப்போது அவள் நினைத்தது இதுதான்: ஆளைப் பார்த்தால் எவ்வளவு மரியாதை, உள்ளே எவ்வளவு வக்கிரம். பெண்கள் இருக்கிற இடத்தைத் திருட்டுத்தனமாக வேடிக்கை பார்த்திருக்கிறான். நேரில் போய் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும். ஆனால் இங்கே சொன்னால்? ஒரே பாஸ்வேர்டு என்று தெரிந்தால் வார்டன் அவளை வாசலில்கூட நிற்கவிடமாட்டாள். விஷயம் மார்க்கெட்டுக்குப் போனால் நாற்பத்து மூன்று பேரும் ஒரே நாளில் கையைக் கழுவிவிடுவார்கள். பதினாறு வருஷம் கட்டிக் காத்த பேர். அவனை வெளியே தள்ளியாயிற்று, கதவையும் பூட்டியாயிற்று. பிறகு எதற்கு இந்தப் பெண்களைப் பயமுறுத்த வேண்டும் என்று தன் மனசுக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அவள் பயந்தது தனக்காகத்தான்.

டைப்பிஸ்ட் டீயோடு வந்து திரையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். "அய்யோ, எவ்வளவு தெளிவா இருக்கு! என்னக்கா பிரச்சினை?"

"ஒண்ணும் இல்ல. ஒரு செட்டிங்தான். இனிமே வராது."

வார்டனும் வந்து எட்டிப் பார்த்து, இதைத்தானே நான் முதலிலேயே சொன்னேன் என்றாள். அக்கா டீயைக் குடித்தாள். கிளம்புகிறேன் என்று உடனே எழுந்தால் சந்தேகம் வருமோ என்று இன்னும் கொஞ்சம் உட்கார்ந்து ஏதேதோ பேசினாள். வெளியே வந்து ஸ்கூட்டரைக் கிளப்பியபோது மணி மூன்று இருபத்தைந்து.

வழியெல்லாம் கேட்க வேண்டிய கேள்விகளை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். கடை திறந்துதான் இருந்தது. கல்லாவில் அவர் இல்லை. கலர் கலக்குகிறவர், அந்தக் கடையிலேயே தலை நரைத்தவர், ஒரு டப்பாவைக் கிண்டிக்கொண்டிருந்தார்.

"எங்கண்ணே உங்க முதலாளி?"

"வாம்மா. நல்ல சேதி தெரியுமா? பொண்ணைக் கூட்டிட்டு வரப் போயிருக்காரு." அவர் முகமெல்லாம் சிரிப்பு. "நாலு மாசமாச்சு, அந்தம்மா கோவிச்சுக்கிட்டுக் குழந்தையையும் தூக்கிட்டுப் போயி. மனுஷன் எங்கெல்லாம் தேடியிருப்பாரு! இன்னைக்கு மூணு மணிக்கு அந்த சிஸ்டத்துக்கு முன்னாடி உட்காந்திருந்தவரு திடீர்னு எழுந்தாரு. ஏதோ அடிச்சாரு, பிரின்ட் போட்டாரு. தன்னோட கூடப்பிறந்த அக்காவையும் கார்ல ஏத்திக்கிட்டுக் கிளம்பிட்டாரு. ஏழு வயசுப் பொண்ணும்மா. அப்பன் இல்லாம எப்படித் தவிச்சிருக்கும்!"

அக்காவின் கால் தானாக உள்ளே போனது. நாற்காலியில் உட்கார்ந்தாள். திரையில் கடிதம் திறந்தபடியே இருந்தது. மேலே வார்டன் வீட்டின் லெட்டர்ஹெட், கீழே அவள் கையெழுத்து, இரண்டும் ரிமோட் வழியாக எப்போதோ அங்கிருந்து எடுத்துக்கொண்டவை. நடுவில் சில சொற்கள்தான் மாறியிருந்தன. *நாளை காலை* இருந்த இடத்தில் *இன்று மாலை*. *குழந்தையின் தாய்* இருந்த இடத்தில் *எங்கள் பெண் பணியாளர் இக்கடிதத்துடன்*. குழந்தையை அனுப்பி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம் என்று முடிந்திருந்தது.

எழுத்துகள் உப்பவில்லை. கலங்கவில்லை. இந்தச் சதுரத்துக்குள் அவை அளவெடுத்துத் தைத்தது போல உட்கார்ந்திருந்தன. எனக்கு இதுல எல்லாம் நல்லாத் தெரியுது என்று அவர் சொன்னது காதில் கேட்டது. பிரின்டரில் ஒரு காகிதம் மிச்சம் இருந்தது. லேசாகக் கோணிப்போனதால் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். அதில் ஒரு பிசிறு இல்லை.

போனை எடுத்தாள். முதல் மணியிலேயே டைப்பிஸ்ட் எடுத்தாள்.

"அக்கா, உங்களுக்கு நூறு ஆயுசு! இப்பதான் உங்களைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தோம். எழுத்து கண்ணாடி மாதிரி இருக்கு. என் கண்ணு மேலயும் தப்பில்ல, என் மேலயும் தப்பில்லன்னு தெரிஞ்சுதே, அதுவே போதும்க்கா."

வார்டனிடம் கொடு என்று சொல்லலாம். ஏதோ தெரியாத ஆள், ஏதோ வைரஸ் என்று பூசி மெழுகலாம். நாக்கு அதற்குத் தயாராகத்தான் இருந்தது. அக்கா அந்தக் கோணல் காகிதத்தைப் பார்த்தாள்.

"நான் சொல்றதைக் கேளும்மா. அந்த இன்னொரு வீட்டுக்கு இப்பவே போன் பண்ணு. யார் லெட்டர் கொண்டுவந்தாலும் குழந்தையை விடக் கூடாதுன்னு சொல்லு. பொம்பளை வந்தாலும் கதவைத் திறக்கக் கூடாது. போலீசுக்கும் சொல்லச் சொல்லு. மார்க்கெட் முனையில பெயின்ட் கடை வச்சிருக்கிறவர் கிளம்பிப் போயிருக்காரு. மூணு மணிக்கே கிளம்பிட்டாரு."

"அவரை உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள் டைப்பிஸ்ட். குரலில் கோபம் இல்லை. அக்கா என்று கூப்பிடவும் இல்லை.

"நான்தாம்மா அவரை உள்ள விட்டேன். என் பாஸ்வேர்டு. மூணு மணிக்கே எனக்குத் தெரியும். உன்கிட்ட மறைச்சுட்டேன்."

நாற்காலி விழும் சத்தம் கேட்டது. பிறகு இணைப்பு அறுந்தது.

அக்கா போனை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டீயைக் குடித்துக்கொண்டு வீணாக்கிய அந்த இருபத்தைந்து நிமிஷத்தை எந்தச் சாமியிடம் கேட்டாலும் திருப்பித் தரமாட்டார்கள் என்று தெரிந்தது. மூன்று ஐந்துக்குக் கிளம்பியிருந்தால் நான்கு ஐந்துக்குப் போய்ச் சேருவார். நல்ல சாலை என்றால் அதற்கும் முன்னால்.

"என்னம்மா, சிஸ்டத்துல ஏதாவது கோளாறா?" கலர் கலக்குகிறவர் டப்பாவை மூடிக்கொண்டே கேட்டார்.

"இல்லண்ணே," என்றாள் அக்கா. "இதுல ஒரு கோளாறும் இல்ல."

திரையின் மூலையில் மணி 3:52 என்று தெளிவாகத் தெரிந்தது. பிறகு 3:53 ஆனது. போன் அடிக்கவில்லை.